பூட்டுற கதவுக்கு முன்னாடி என்ன கணக்குப் போட?

"விவசாயிக்கு நிதி மேலாண்மை தெரியல, ஏற்றுமதி பண்ணத் தெரியல, அதான் நஷ்டம்." டவுன்ல இருக்கிற நண்பர்கள் அடிக்கடி சொல்ற பேச்சு இது. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நாங்க சின்ன வெங்காயம் போடுறவங்க. ஏக்கருக்கு விதை வெங்காயம் சுமார் 600 கிலோ பிடிக்கும். கிலோ 50 ரூபாய்னு வெச்சாலும் முதல் நாளே 30,000 ரூபாய் மண்ணுக்குள்ள போயிடுது. அப்புறம் உழவு, நடவு, களை, உரம், அறுவடைக் கூலி. எழுபது நாளைக்கு மேல ஒத்தப் பைசா வரவு இல்லாம செலவு மட்டும்தான். நீங்க ஒர்க்கிங் கேப்பிட்டல்னு சொல்றீங்களே, எங்க ஊர்ல அதுக்குப் பேரு அடகு நகை. வட்டி எவ்வளவு ஏறும், பட்டறையில போட்டா காய் எத்தனை நாள் தாங்கும், எடை எவ்வளவு குறையும், இப்பவே வித்தா என்ன, நிறுத்தி வித்தா என்ன? இதெல்லாம் கணக்கு இல்லாம வேற என்னங்க?

வெளிநாட்டு வியாபாரத்துக்கு வருவோம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கைன்னு நம்ம சாம்பார் போன இடமெல்லாம் சின்ன வெங்காயமும் போகுது. அங்க வாங்குறவர் விலை கேட்பார், தரம் கேட்பார், சரக்கு தேதிக்கு வருமான்னு கேட்பார். முதல் ரெண்டுக்கும் பதில் எங்ககிட்ட இருக்கு. மூணாவதுக்கான பதில் டெல்லியில இருக்கு.

2020 செப்டம்பர் 14-ல எல்லா ரக வெங்காயத்துக்கும் ஏற்றுமதித் தடை வந்துச்சு. பெரிய வெங்காயம் விலை ஏறினதுக்கு சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டுச்சு. அடுத்த சுற்றைப் பாருங்க. 2023 ஆகஸ்ட்ல வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீதம் வரி. அக்டோபர் கடைசியில டன்னுக்கு 800 டாலருக்குக் குறைஞ்சு அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு. டிசம்பர் 8-ல முழுத் தடை, மார்ச் 31 வரைக்கும்னாங்க. மார்ச் வந்ததும் அதையும் நீட்டினாங்க. 2024 மே 4-ல 550 டாலர் குறைந்தபட்ச விலை, 40 சதவீத வரியோட கதவைத் திறந்தாங்க. ஒன்பது மாசத்துக்குள்ள அஞ்சு தடவை விதி மாறினா, எந்த ஆடிட்டர் வந்து பட்ஜெட் போட்டுக் கொடுப்பார்?

"விலை ஏறினா ஏழை என்ன சாப்பிடுவான்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். அதுக்கு அரசாங்கம் முன்கூட்டியே வாங்கி இருப்பு வைக்கட்டும், ரேஷன்ல மலிவாக் கொடுக்கட்டும். அந்தச் செலவை நாடு மொத்தமும் பகிர்ந்துக்கணும். வெங்காயம் போட்டவன் தலையில மட்டும் கட்டுறது எந்த ஊர் நியாயம்? விலை ஏறினா ஒரே ராத்திரியில உத்தரவு வருது. காய் விலை போகாம வயல்லயே உழுது விடுறப்ப யாரும் அவசர உத்தரவு போடக் காணோம்.

2025 ஏப்ரல் 1-ல வரி முழுசா நீங்கிடுச்சு. சந்தோஷம். திரும்ப வராதுன்னு யாராவது எழுதிக் கொடுப்பாங்களா?

நாங்க கேட்கிறது மானியம் இல்லை. நடவு நாள்ல இருந்த விதி அறுவடை வரைக்கும் நிக்கணும். சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயத்தோட ஒரே கயித்துல கட்டக் கூடாது. இந்த ரெண்டையும் செஞ்சு கொடுத்துட்டு, அப்புறம் வாங்க எங்களுக்கு நிதி மேலாண்மை சொல்லிக் கொடுக்க. திண்ணையில உட்கார்ந்து பொறுமையாக் கேட்டுக்கறோம்.