பழசு பிழையில்லை, மறைக்கிறதுதான் பிழை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, பழைய காருக்கு என்ஜின் மாத்தி ஓடுறதை விட எங்கட வீட்டுக்கு வேற வழி இருக்கவில்லை. அப்பா வாங்கினது 'புதுசாச் செய்த' என்ஜின். மூன்று மாதத்தில் நீலப் புகை. கழற்றினால் உள்ளே பழைய ரிங், தேய்ந்த பேரிங். "எல்லாரும் உப்பிடித்தான் போடுறவை" எண்டார் கராஜ்காரர்.

பழைய சாமான் போடுறது குற்றமில்லை. காசில்லாதவருக்கு அதுவும் உதவிதான். சொல்லாமல் புதுசின் விலை வாங்குறது களவு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏமாற்று வியாபாரத்தைத் தடுக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டும் தரவேண்டும். அப்பா கேட்கவில்லை. 'தெரிஞ்ச ஆள்' எண்ட கூச்சம். அந்தக் கூச்சத்திலதான் இவை பிழைக்கினம்.

எது புதுசு, எது பழசு எண்டு பில்லில் எழுதச் சொல்லுங்கோ. எழுத மறுக்கிற இடத்தில் காசை எண்ணாதேங்கோ.