கணக்கும் கடமையும்

கொள்ளைநோய் ஒரு நகருள் நுழையுமாயின் எத்திசையிற் பரவும்? எங்கே மறித்தால் அடங்கும்? இவற்றை அறிய மனிதரை வைத்துச் சோதனை செய்தல் அறமன்று. ஆகவேதான் அறிஞர்கள் கணனிக்குள் ஒரு நகரை அமைத்து, அதில் நோயை உலவவிட்டு ஆராய்கின்றனர்.

2004ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழுவொன்று ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரை இவ்வாறு ஆராய்ந்தது. வீதிப் போக்குவரத்தைத் திட்டமிட எழுந்த கணிப்புமுறையே அதற்கு அடித்தளம். 15 இலட்சத்துக்கு மேற்பட்ட கற்பனை மாந்தர் வீடு, தொழிலகம், பாடசாலை, கடை எனச் சென்று மீண்டனர். யார் யாரை எங்கே சந்தித்தார், எவ்வளவு நேரம் உடனிருந்தார் என்பன கணக்கிடப்பட்டன. பெரியம்மை பரவினால், நோயாளரை விரைவிற் கண்டு விலக்கி, அவரோடு கலந்தோருக்கு ஊசியேற்றினால், ஊர் முழுவதற்கும் ஊசியேற்றாமலே நோயை அடக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. வெள்ளம் வயலை மூடிய பின் ஓடுவதிலும், வரம்பு உடையும் இடத்தை முன்னறிந்து அணைத்தல் மேல் என்பதை உழவர் அறிவர்.

ஆயின், கணனி தானாக எதையும் அறிவதில்லை. நாம் இடும் ஊகங்களின் விளைவையே அது காட்டுகிறது. 2020 மார்ச் 16இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர், கொரோனாவைத் தடையின்றிப் பரவவிட்டால் பிரித்தானியாவில் 510,000 பேர் மாளக்கூடும் என்றனர். ஒரு வாரத்தில் நாடு முடக்கப்பட்டது. தடை செய்த பின் அவ்வளவு பேர் மாளவில்லையே என அவர்களை நகைத்தல் நேர்மையன்று. அவர்கள் கூறியது சோதிடமன்று, எச்சரிக்கை.

குறை வேறிடத்தில் உண்டு. அவ்வறிக்கை வெளிவந்த நாளில் அக்கணிப்பை இயக்கிய கணனி நிரல் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டிருக்கவில்லை. பின்னரே அது வெளியாயிற்று. பிறர் இயக்கிப் பார்த்து முடிவுகளைச் சரிபார்த்ததும் பின்னரே. கோடிக்கணக்கானோரை வீட்டில் அடைக்கும் ஆணைக்கு ஆதாரமான கணக்கை, ஆணைக்கு முன் பிறர் சோதிக்க வழி இருந்திருக்க வேண்டாமா?

“வீட்டிலிருங்கள்” என்னும் கட்டளை, மாதச் சம்பளம் பெறுவோனுக்கு ஓய்வாகலாம். அன்றாடக் கூலியாளுக்குப் பட்டினியாகும். நோயின் வழியைக் கணனி காட்டும். அவ்வழியை அடைப்பதால் வரும் சுமையை யார் தாங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் ஆட்சியாளரே. கணக்கின் பின்னால் அவர்கள் ஒளிந்துகொள்ள நாம் இடமளித்தலாகாது. விஞ்ஞானத்தை மதிப்போம், அதன் ஊகங்களைப் பகிரங்கமாக வைக்குமாறும் கேட்போம். இவ்விரண்டும் மக்களாட்சியில் மக்களின் கடமைகளாகும்.