பாரமும் பயணமும்

பட்டறையை மூடி ஊர் திரும்பும் அன்பர் சிலர், கடைசல் இயந்திரத்தைத் தாமே வண்டியிற் பூட்டி இழுத்துச் செல்லலாமா என்று நம்மை வினவுகின்றனர். ஈஜிபுரம் கோதண்டராமசுவாமி கோயிலுக்கு, வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையிலிருந்து வந்த பெருமாளை நினைவுகூர்வோம். 300 டன்னுக்கு மேற்பட்ட அவ்வொற்றைக்கல், 240 சக்கர வண்டியேறி 2018 டிசம்பரில் புறப்பட்டது. டயர்கள் வெடித்தன, பாலம் தாங்காத இடத்தில் ஆற்றிலே தற்காலிகப் பாதை இட்டனர். நாம் ஒரு பகலிற் கடக்கும் வழியைக் கடக்கத் தொழில் வல்லார்க்கே 2019 ஜூன் வரை ஆயிற்று!

இழுப்பதன்று, சரிவில் நிறுத்துவதே அரிது. தொப்பூர் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்கக் கியரை விடுவித்த லாரிகள் பட்ட பாட்டைச் சேலம் வழிச் செல்வோர் அறிவர். கட்டில், பீரோவைத் தாமே கொண்டுபோகட்டும். இயந்திரத்தை, கூலி கூடினும், பாரவண்டிக்காரரிடம் ஒப்படைப்பதே நம் கருத்து. ஏற்றுமுன் காப்பீட்டுச் சீட்டைக் கேட்டு வாங்குக, வாய்ச்சொல் வேண்டா.