இணைத்தால் மட்டும் போதுமா?

ஒரு நிறுவனத்தில் விற்பனைக்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு ஒன்று, கிடங்குக்கு மற்றொன்று. இவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதே ஒருங்கிணைப்பு. இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணிப்பொறி பயிலும் நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு என்பேன்.

அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில் 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள் நடந்ததைப் பாருங்கள். எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் விடுபட்டது. அதில், 2003-க்குப் பின் பயன்படுத்தாத பழைய நிரல் விழித்துக்கொண்டு, ஓயாமல் ஆணைகளை அனுப்பியது. 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள்! நட்டமோ 46 கோடி டாலருக்கு மேல்!

இதனினும் வேதனை ஒன்றுண்டு. சந்தை திறக்கும் முன்பே பிழையைச் சுட்டி 97 மின்னஞ்சல்கள் தாமாகவே ஊழியர்களுக்குச் சென்றிருந்தன. எச்சரிக்கை என்ற முறையில் அவை அமைக்கப்படவில்லை. எனவே எவரும் பொருட்படுத்தவில்லை.

இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பது வேறு. வணிகம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது வேறு. அன்று இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன! நிமிடத்துக்கு எத்தனை ஆணைகள், எவ்வளவு தொகை, வழக்கத்தை மீறுகிறதா, மீறினால் நிறுத்துபவர் யார்? இவற்றைக் கவனிப்பதே வணிகச் செயற்பாட்டுக் கண்காணிப்பு.

"இது வீண் செலவு" என்பார் உளர். அந்த 45 நிமிடங்களின் விலையை அவர்கள் கணக்கிடட்டும். நாளை நிரல் எழுதப்போகும் நண்பர்களே, இரு மென்பொருள்களை இணைக்கும்போதெல்லாம் கேளுங்கள்: இது தவறினால் யாருக்குத் தெரியும்? எத்தனை நிமிடத்தில்? விடை கிடைக்கும்வரை வேலை முடியவில்லை.