நீல மாத்திரையும் முருங்கைக்கீரையும்

"அந்தக் காலத்துல நாங்க மாத்திரையா போட்டோம்? முருங்கைக்கீரை தின்னே திடமா இருக்கலையா?" பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பெண்பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதற்கு இதுதான் வாதம்.

அந்தக் காலத்தில் சோகை பிடித்து, பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் இன்று பதில் சொல்ல உயிரோடு இல்லை. இந்தக் காலமும் ஒன்றும் மேலாக இல்லை: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களிலும் 31 சதவீதம்.

கீரையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் கொல்லையிலும் முருங்கை நிற்கிறது. ஆனால் கீரையில் உள்ள இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும்.

மாத்திரையால் மலம் கறுக்கும், உண்மைதான், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டுவது பெரும்பாலும் வெறும் வயிற்றில் போடுவதால். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பது அதற்காகத்தான். ஒரு பள்ளியில் வகுப்பறை ஜன்னலுக்குக் கீழே, மண்ணில் நீல மாத்திரைகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்தேன். பிள்ளைகளை என்ன சொல்ல? "கொடுத்தா வாங்கிக்க, முழுங்காதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

உங்கள் மகளின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே வெளிறியிருந்தால் கீரை ஆய்வது இருக்கட்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே என்றால் வாரம் ஒரு மாத்திரை மட்டும் போதாது.