சாவியைக் கீழே போடுங்கள்



நேற்று பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒரு பையனுக்கு வலிப்பு. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சாவி தேடினார்கள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரும்பால் வலிப்பு நிற்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நிற்கும். பெயர் மட்டும் சாவிக்கு! ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க சார்" என்கிறார்கள். எந்த ஸ்கேன் என்று கேட்டால், எப்போதோ எடுத்த சி.டி.! டி.என்.இ.டி. என்று ஓர் அபூர்வ மூளைக்கட்டி உண்டு. 1988-இல்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வரும். பெரும்பாலும் பொட்டுப் பக்கத்து மூளை மடலில் இருக்கும். மெதுவாக வளரும், புற்றுநோய் அல்ல. ஆனால் மாத்திரைக்கு அடங்காத வலிப்பைத் தரும். சி.டி.யில் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ.யில் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாகத் தெரியும். சுற்றிலும் வீக்கம் அநேகமாக இருக்காது. முழுதாக அகற்றினால் பெரும்பாலோருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது.

"எல்லாருக்கும் கட்டின்னு பயமுறுத்தாதீங்க" என்பீர்கள். இல்லை. பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும்; அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆனால் சரியான இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால், "எம்.ஆர்.ஐ. வேண்டாமா? அறுவைக்கு வழி உண்டா?" என்று நரம்பியல் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வேலூரில் 1952-லேயே டாக்டர் ஜேக்கப் சாண்டி வலிப்புக்கு அறுவை செய்தார். நாகர்கோவில் தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே ஸ்ரீ சித்ரா நிறுவனத்தில் 1995 முதல் செய்கிறார்கள். மந்திரிக்க எத்தனையோ ஊர் போகிறோமே, இதற்குப் போகக் கூடாதா?

கடைசியாக என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒருவன் திடீர் திடீரென்று வெறித்துப் பார்ப்பான், வாயை மெல்லுவான், கூப்பிட்டால் பேச மாட்டான். திமிர் என்று பெஞ்சில் ஏற்றி நிறுத்தினேன். அதுவும் வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம் என்று ஆசிரியர் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் தேடிப் படிக்கவில்லை. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர்களே, பிரம்பை எடுக்கும் முன் அவன் கண்ணைப் பாருங்கள்.