வண்ணம் வாசிப்பவரின் உரிமை

கட்டளை வரியில் இயங்கும் மின்னஞ்சல் கருவிகளை ஆக்குவோரிடம் ஒரு கேள்வி: முனையத்தில் தோன்றும் எழுத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது? கருவியினுடையது என்பது போலவே பலர் நடந்துகொள்கின்றனர். அதனை மறுக்கிறேன்.

முனையத்தில் நிறம் என்பது எழுத்தோடு எழுத்தாகக் கலந்து அனுப்பப்படும் குறி. ஒரு சொல்லைச் சிவப்பாக்க அதன் முன் ஐந்து பைட்டும், பழைய நிலைக்கு மீளப் பின்னர் நான்கு பைட்டும் சேர்கின்றன. திரை அவற்றை விழுங்கிவிடும், கோப்பு விழுங்காது. தேடல் முடிவுகளைச் சேமித்துச் சொல்லெண்ணிக்கை எடுக்கும் மொழியியல் மாணவருக்கு, ‘31எம்’ என்னும் ஒட்டுடன் ஒரு சொல்லும், ஒட்டின்றி அதே சொல்லும் இருவேறு சொற்களாகப் பதிவாகும்.

‘கருவி தானே கண்டுகொள்ளுமே’ என்பர். வெளியீடு முனையத்துக்குச் செல்கிறதா என வினவும் ‘ஐஸ்ஏடிடிஒய்’ என்னும் செயற்கூறு யூனிக்ஸில் நெடுங்காலமாக உண்டு. நன்று. ஆனால் எங்கே செல்கிறது என்பதற்கே அது விடை கூறும். யார் படிக்கிறார் என்பதற்கன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவரும், வெண்பின்னணியில் மஞ்சள் எழுத்தைத் தேடித் தவிப்பவரும் முனையத்தின் முன்தான் அமர்ந்திருக்கின்றனர்.

மின்னஞ்சலில் இது அழகியல் சிக்கல் மட்டுமன்று. மட் என்னும் கருவியில், கடிதத்துக்குள் வரும் நிறக்குறிகளுக்கு உயிர்கொடுக்கும் ‘அலவ்_ஆன்சி’ என்ற அமைப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. காரணம் எளிது: மறையாக்க முடிவைக் கருவி காட்டும் வரியைப் போலவே ஒரு வரியை எழுதி, அதே நிறத்தையும் பூசி, அனுப்புநர் நம்மை ஏமாற்றலாம். கடிதம் எழுதியவரே அஞ்சலக முத்திரையையும் குத்திக்கொள்ளும் வேலை அது.

நிறமே வேண்டா என்பது என் வாதமன்று. படிக்காத கடிதம் தனித்துத் தெரிவது நல்லதே. மட் அதற்கு ‘என்’ என்ற எழுத்தையும் அருகில் இடுகிறது. நிறம் போனாலும் பொருள் நிற்கிறது. நிறத்தோடு பொருளும் மறையுமாயின் குறை வடிவமைப்பினுடையது.

எனவே மூன்று தெரிவுகள் தருக: எப்போதும், தானாக, ஒருபோதுமில்லை. 2017இல் முன்மொழியப்பட்ட ‘நோ_கலர்’ சூழல் மாறியை மதித்திடுக. அது வெறுமையாக இல்லையெனில், மதிப்பு எதுவாயினும் நிறம் சேர்க்கலாகாது. பயனர் வெளிப்படையாக நிறம் கேட்டால் மட்டும் அதனை மீறலாம். அங்கும் இறுதிச் சொல் பயனருடையதே. சில வரி நிரலில் முடியும் இவ்வேலையைத் தள்ளிப்போடுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லை.